நான்காண்டுக்கு ஒரு முறை வரும் நீதிபதிகள்

குளிர்கால ஒலிம்பிக் என்னும் மகோற்சவம் நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை கூடி, இரண்டு வாரங்களுக்குச் சற்று மேலாக உலகத்தின் கவனத்தையெல்லாம் தன்பால் இழுத்துவைத்திருந்து, பிறகு கலைந்துபோகிறது. அந்தச் சில நாட்களில், அதுவரை பெயர்கூடக் கேட்டிராத விளையாட்டுகளைப் பற்றி, அவற்றின் விதிகளைப் பாதி அறிந்தும் பாதி அறியாமலும், கூடத்து நாற்காலியில் சாய்ந்தபடியே நாம் திடமான அபிப்பிராயங்களுக்கு வந்துவிடுகிறோம். அபிப்பிராயத்தோடு நின்றாலும் பாதகமில்லை. ஒருவருடைய இருபது ஆண்டு உழைப்பைப் பற்றித் தீர்ப்பே எழுதி, முத்திரையும் குத்தி, மறு ஒலிம்பிக் வரும்வரை அந்தப் பக்கம் திரும்பிப் பாராமலே இருந்துவிடுகிறோம். இவ்வாறு எழுதப்பட்ட தீர்ப்புகளுள், என் அறிவுக்கு எட்டியவரை, மிகவும் அநியாயமானது அமெரிக்க ஸ்னோபோர்டு வீராங்கனை லிண்ட்சி ஜாக்கபெல்லிஸின் மீது எழுதப்பட்டதுதான். அதனினும் விசித்திரம் என்னவென்றால், பல ஆண்டுகள் கழித்து அவர் தங்கம் வென்றபோது அந்தத் தீர்ப்பு ரத்தாகவில்லை. மன்னிப்பு என்ற பெயரில் மீண்டும் ஒரு முறை உறுதி செய்யப்பட்டது.

அவர் ஆடிய ஆட்டத்தின் பெயர் ஸ்னோபோர்டு கிராஸ். இரு பாதங்களையும் ஒரே பலகையில் பிணைத்துக்கொண்டு, பக்கவாட்டில் நின்றவாறு பனிச்சரிவில் இறங்குகிற ஸ்னோபோர்டு விளையாட்டில் பிரிவுகள் பல உண்டு. பிளந்த குழாயைப் போன்ற பனிப்பள்ளத்தின் இரு கரைகளிலிருந்தும் அந்தரத்தில் எழும்பிச் சுழன்று நடுவர்களிடம் மதிப்பெண் பெறுவது ஒரு வகை. தொலைக்காட்சியில் நாம் அதிகமாகக் காண்பது அதுதான். கிராஸ் பந்தயத்திலோ நடுவர்களின் ரசனைக்கு இடமே இல்லை. ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளத் தடத்தில், மனிதர் கையால் எழுப்பிய மேடுகளையும், சாய்ந்த சுவர்போல் நிற்கும் வளைவுகளையும், தாவுமேடைகளையும் கடந்து, நான்கு பேர், சில ஒலிம்பிக்குகளில் ஆறு பேர், ஒரே வேளையில் ஒருவரையொருவர் உரசிக்கொண்டு இறங்குகிறார்கள். முதலில் கோட்டைக் கடப்பவர் வென்றவர். முன்னால் செல்பவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போக, பின்னால் வருபவர் அவருடைய முதுகின் மறைவில் ஒதுங்கிச் சிரமமின்றி வேகம் சேர்த்துக்கொண்டு, நேரான பகுதி வந்தவுடன் சட்டென்று விலகி முந்திவிடுவது இதில் சர்வசாதாரணம். அன்றைய பனியின் குளிர்ச்சிக்குப் பொருத்தமான மெழுகு பலகையின் அடியில் பூசப்படாவிட்டால் எத்தகைய சாமர்த்தியசாலியும் சமதளத்தில் பின்தங்கிவிடுவார். பக்கத்தில் வருபவர் தடுமாறினால், யாதொரு பிழையும் செய்யாதவரும் சேர்ந்து உருள வேண்டியதுதான். ஆகவே இந்த ஆட்டத்தில் ஒரு நாள் வெல்வதற்கு அதிருஷ்டமும் துணைநிற்க வேண்டும். ஆண்டுக்கணக்காக வென்றுகொண்டே இருப்பதை அதிருஷ்டத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது.

ஜாக்கபெல்லிஸ் 1985ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பிறந்தவர். கனெக்டிகட் மாநிலத்தில் வளர்ந்து, பின்னர் வெர்மான்ட் மாநிலத்தில், பாடப்புத்தகத்தையும் பனிச்சரிவையும் ஒருங்கே கற்பிக்கும் ஸ்ட்ராட்டன் மலைப் பள்ளியில் பயின்றார். பதினேழு வயதில், 2003இல், எக்ஸ் கேம்ஸ் என்னும் சாகச விளையாட்டு விழாவில் தம் முதல் தங்கத்தைப் பெற்றார்; அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் அதே தங்கத்தை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. 2005இல் கனடாவின் விஸ்லர் மலையில் உலகச் சாம்பியன் பட்டமும் அவருக்கே கிடைத்தது. இவ்வளவும் இருபது வயது நிரம்புவதற்குள். ஆகவே 2006இல் இத்தாலியின் டூரின் ஒலிம்பிக்கில் ஸ்னோபோர்டு கிராஸ் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது, மகளிர் தங்கம் யாருக்கு என்பதில் அவர் நாட்டினருக்கு அதிகச் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை. முந்திய நாள் ஆடவர் பந்தயத்தில் சேத் வெஸ்காட் என்ற அமெரிக்கர் வென்றிருந்தார் என்பது அந்த நம்பிக்கைக்கு மேலும் நெய் ஊற்றியது.

பிப்ரவரி 17ஆம் தேதி, ஆல்ப்ஸ் மலைச்சாரலில் உள்ள பர்டோனெக்கியா என்ற ஊரில் இறுதிப் பந்தயம். நால்வரில் கனடாவின் மாயெல் ரிக்கர் தொடக்கத்திலேயே பலமாக விழுந்து வெளியேறினார். மற்றொரு கனடிய வீராங்கனையான டொமினிக் மால்தே தடம் தவறி விழுந்து, எழுந்து, மிகவும் பின்தங்கி வந்துகொண்டிருந்தார். எஞ்சிய ஒருவர், சுவிட்சர்லாந்தின் டான்யா ஃப்ரீடன், நாற்பது மீட்டருக்கும் அதிகமான தூரத்தில் பின்னால் இருந்தார். கோடு கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டே தாவல்கள் மிச்சம். கடைசிக்கு முந்திய மேடையில் அந்தரத்தில் எழும்பிய ஜாக்கபெல்லிஸ், முழங்கால்களை மடக்கி, பலகையைப் பின்புறமாக உயர்த்தி, அதன் விளிம்பைக் கையால் பற்றினார். ஸ்னோபோர்டுக்காரர்கள் மெத்தட் என்று சொல்லும் அலங்காரம் அது. இறங்கும்போது பலகையின் விளிம்பு பனியைக் கவ்வியது. அவர் நிலைகுலைந்து விழுந்தார். எழுந்து பலகையைத் திருப்பிக்கொள்வதற்குள் ஃப்ரீடன் அவரைக் கடந்துபோய்விட்டார். ஜாக்கபெல்லிஸுக்கு வெள்ளி, உருண்டு எழுந்து வந்த மால்தேக்கு வெண்கலம்.

அந்தச் சில விநாடிகள் அன்றிலிருந்து எத்தனை ஆயிரம் தடவை ஒளிபரப்பப்பட்டிருக்கும் என்று யாராலும் கணக்கிட முடியாது. நிலை தடுமாறாதிருக்கவே பலகையைப் பற்றியதாக அவர் முதலில் விளக்கம் தந்தார். சிறிது நேரத்துக்குப் பிறகு, உற்சாக மிகுதியால், கூடியிருந்த ஜனங்களோடு அந்த ஆனந்தத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஆவலில் செய்துவிட்டதாக ஒப்புக்கொண்டார். முதல் விளக்கம் பொய் என்றார்கள். இரண்டாவது விளக்கம் கர்வம் என்றார்கள். இருபது வயதுப் பெண் ஒருத்தி, ஒலிம்பிக் வெள்ளிப் பதக்கத்தைக் கழுத்தில் அணிந்துகொண்டு, தண்டனை பெற்ற குற்றவாளியைப் போலக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டு நின்ற காட்சி அதற்கு முன் அந்த விளையாட்டு கண்டிராதது. ஆணவத்தால் அழிந்தவர்களைப் பற்றிச் சிறுவர்களுக்குச் சொல்லும் கதைகளின் வரிசையில் அவருடைய பெயரும் ஏறிவிட்டது.

அவர் செய்தது பிழைதானா என்றால், பிழைதான். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. முதலில் கோட்டைக் கடப்பவருக்கே வெற்றி என்ற பந்தயத்தில், வேகத்துக்கு எவ்வகையிலும் உதவாத ஓர் அங்க சேஷ்டையை, அதுவும் முடிவதற்குச் சில கணங்கள் இருக்கும்போது செய்வது புத்திசாலித்தனம் அல்ல. ஆனால் பிழை வேறு, பாவம் வேறு. தனி ஆவர்த்தனத்தின் முடிவில் எளிய தீர்மானம் ஒன்றை வைத்துக் கௌரவமாக இறங்கிவிடக்கூடிய மிருதங்க வித்துவான், சபையின் உற்சாகத்தில் தானும் கலந்து, சிக்கலான கோர்வை ஒன்றை எடுத்து, அது சமத்துக்கு அரை அட்சரம் தள்ளி விழுந்துவிட்டால், விஷயம் தெரிந்த ரசிகர் முகம் சுளிப்பார், உச்சுக்கொட்டுவார். ஆனால் அந்த மனிதருடைய ஒழுக்கத்தைப் பற்றிப் பேசத் தொடங்கமாட்டார். அந்தக் கோர்வை எந்த மரபிலிருந்து வந்தது என்பதை அவர் அறிவார். ஜாக்கபெல்லிஸ் விஷயத்தில் நேர்ந்த அநியாயத்துக்கு முதற்காரணம், தீர்ப்புச் சொன்னவர்களில் பெரும்பாலோருக்கு அந்த விளையாட்டின் மரபே தெரியாதிருந்ததுதான்.

அந்த மரபு பழமையானதன்று. ஆனால் அதற்கென்று ஒரு ஸ்வபாவம் உண்டு. 1965ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று, மிச்சிகன் மாநிலத்து மஸ்கீகன் என்னும் ஊரில், ஷெர்மன் பாப்பன் என்ற பொறியியலாளர் தம் பெண்குழந்தைகளின் விளையாட்டுக்காக இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகளை ஒன்றாகப் பிணைத்துக் கொடுத்தார். ஸ்னர்ஃபர் என்று பெயர் பெற்ற அந்தப் பொம்மையைச் சிறுவயதில் ஓட்டிப் பார்த்த ஜேக் பர்ட்டன் கார்ப்பென்டர் என்பவர், 1977இல் வெர்மான்டில் ஒரு சிறு பட்டறை போட்டு, அதை முறையான பலகையாக வளர்த்தெடுத்தார். கடல் அலைமேல் சறுக்குவதிலும், தெருவில் சக்கரப் பலகை ஓட்டுவதிலும் பழகிய இளைஞர்கள் அதைக் கைக்கொண்டார்கள். பனிச்சறுக்கு என்பது வசதி படைத்தோரின் கௌரவமான பொழுதுபோக்காக இருந்த அந்நாளில், இந்தப் பலகைக்காரர்களைப் போக்கிரிகள் என்று கருதி, மலைவிடுதிகள் பலவும் உள்ளே விட மறுத்தன. ஸ்ட்ராட்டன் மலை 1983இல் கதவைத் திறந்துவிட்டபோது, அவ்வாறு திறந்த விடுதிகள் அமெரிக்காவில் விரல்விட்டு எண்ணத்தக்கவையே. ஜாக்கபெல்லிஸ் கற்றுத் தேர்ந்த மலை அதுவேதான் என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

இத்தகைய பிறப்புடைய விளையாட்டில், எவ்வளவு வேகமாக இறங்கினாய் என்பதைவிட எத்தகைய நடையழகோடு இறங்கினாய் என்பதே நெடுங்காலம் பிரதானமாக இருந்தது. அந்தரத்தில் எழும்பும் ஒவ்வொரு கணமும் ஏதேனும் ஒரு நயத்தைக் காட்டுவதற்கான சந்தர்ப்பம். பலகையைப் பற்றாமல் வெறுமனே தாவுவது உயிரற்ற தாவல் என்பது அவர்கள் கருத்து. 1998இல் ஜப்பானின் நகானோவில் ஸ்னோபோர்டை ஒலிம்பிக்கில் சேர்த்தபோது, அதன் நிர்வாகத்தை ஸ்னோபோர்டுக்காரர்களின் சொந்தச் சங்கத்திடம் விடாமல், பனிச்சறுக்குக்கான சர்வதேச சம்மேளனத்திடம் ஒப்படைத்தார்கள் என்பதற்காக, அக்காலத்தில் ஈடு இணையற்றவராகப் போற்றப்பட்ட நார்வேயின் டெர்யே ஹாகன்சன் அந்த ஒலிம்பிக்கையே புறக்கணித்தார். பதக்கத்தைப் பெரிதாக மதிக்காத மனிதர்களின் விளையாட்டு அது. எட்டு ஆண்டுகள் கழித்து, பதக்கம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கையில், அந்த மரபில் வளர்ந்த ஒரு பெண்ணின் கை தன்னையறியாமல் பலகையின் விளிம்பைத் தேடிப் போயிற்று என்றால், அதில் கர்வத்தைக் காண்பதற்கு நான்காண்டுக்கு ஒரு முறை வரும் கண்கள்தாம் வேண்டும்.

இந்தக் கதையில் மெய்யாகவே அநியாயம் இழைக்கப்பட்ட மற்றொருவர் உண்டு. அவருக்காகப் பரிந்து பேசுவார் இல்லை. டான்யா ஃப்ரீடனுக்கு அப்போது முப்பது வயது. ஒலிம்பிக்கில் இந்தப் பந்தயம் இடம்பெறும் என்ற உறுதி ஏதும் இல்லாத காலத்திலிருந்தே அதில் ஈடுபட்டுவந்தவர். இறுதிப் பந்தயத்தில் இருவர் விழுந்த குழப்பத்திலும் நிலைதவறாமல் நின்று, முன்னால் போகிறவர் எட்டாத தூரத்தில் இருக்கிறார் என்று தெரிந்தும் ஒரு கணமும் வேகத்தைத் தளர்த்தாமல் வந்தவர். இனி என்ன, வெள்ளி நிச்சயம் என்று அவர் சற்றே நிமிர்ந்து நின்றிருந்தால், ஜாக்கபெல்லிஸ் விழுந்தெழுந்த பின்னும் தங்கத்தைக் கொண்டுபோயிருப்பார். அத்தகைய ஒருவரைப் பற்றி உலகம் நினைவில் வைத்திருப்பது, பிறர் தவறவிட்டதைப் பெற்றுக்கொண்டவர் என்பதைத்தான். ஜாக்கபெல்லிஸின் விழுகையையே பேசிப் பேசி, ஃப்ரீடனின் விடாமுயற்சியை நாம் அடியோடு மறந்துவிட்டோம்.

வான்கூவர், சோச்சி, பியோங்சாங் ஆகிய மூன்று ஒலிம்பிக்குகளைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. 2010இல் அரையிறுதியின் தொடக்கத்திலேயே ஒரு தாவலில் தடுமாறி, தடத்தின் எல்லைக் கொடியைத் தாண்டிப்போய், விதிப்படி நீக்கப்பட்டார், ஐந்தாம் இடம். 2014இல் அரையிறுதியில் முன்னணியில் வந்துகொண்டிருக்கையிலேயே விழுந்தார், ஏழாம் இடம். 2018இல் இறுதிப் பந்தயத்தில் முன்னணியில் தொடங்கி, கடைசியில் வெண்கலத்தை இமைப்பொழுதிலும் குறைந்த நேரத்தில் தவறவிட்டு நான்காவதாக வந்தார். ஒவ்வொரு முறையும் தொலைக்காட்சிக்காரர்கள் முதலில் பர்டோனெக்கியாவைக் காட்டிவிட்டு, அதன் பிறகே அன்றைய பந்தயத்துக்கு வந்தார்கள். சாபம் என்றார்கள் சிலர். பெரிய பந்தயத்தில் மனம் உடைகிறது என்றார்கள் சிலர். பர்டோனெக்கியாவில் பலமாக விழுந்த ரிக்கர் நான்கே ஆண்டுகளில் தம் சொந்த ஊரின் எதிரே நிற்கும் சைப்ரஸ் மலையில் தங்கம் வென்றதையும், உருண்டு எழுந்த மால்தே எட்டு ஆண்டுகள் கழித்துச் சோச்சியில் வெள்ளி வென்றதையும் எண்ணிப் பார்த்தால், விழுவதும் எழுவதும் இந்த ஆட்டத்தின் இயல்பு என்பதும், அதில் சாபத்துக்கோ சகுனத்துக்கோ வேலையில்லை என்பதும் விளங்கும்.

அந்த ஒலிம்பிக்குகளுக்கு இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. ஏனென்றால் ஒரு வீராங்கனையின் வாழ்வு அங்கேதான் நடக்கிறது. உலகச் சாம்பியன் பட்டத்தை 2005இல் மட்டுமல்ல, 2007, 2011, 2015, 2017 ஆகிய ஆண்டுகளிலும் வென்றார். ஆக ஐந்து முறை. எக்ஸ் கேம்ஸில் மொத்தம் பத்துத் தங்கங்கள். ஒலிம்பிக்கில் ஆடும் அதே எதிராளிகள், அதே அளவுள்ள மேடுகள், அதே வேகம். வேறுபாடு ஒன்றுதான், அங்கே நாம் பார்வையாளராக இல்லை. 2012ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கொலராடோவின் ஆஸ்பெனில் பயிற்சியின்போது முழங்காலின் உள்தசைநார் அறுந்துபோயிற்று. ஒரு தடவை அறுவைச் சிகிச்சை செய்து அது போதாமல் மறுபடியும் செய்ய வேண்டியதாயிற்று. பனிப்பருவம் ஒன்று முழுவதும் வீணாகி, நடக்கப் பழகுவதிலிருந்து மீண்டும் தொடங்கி, 2014 ஜனவரியில் அதே ஆஸ்பெனில் வந்து தங்கத்தை எடுத்துக்கொண்டு போனார். அதற்கு அடுத்த மாதம்தான் சோச்சி. பெரிய பந்தயத்தில் மனம் உடைகிறவர் செய்யக்கூடிய காரியமா இது?

இதற்கு ஒரு பதில் சொல்லப்படுகிறது. ஒலிம்பிக்கே உச்சம், மற்றவை எத்தனை வென்றாலும் அதற்கு ஈடாகா, நாட்டின் சின்னத்தை மார்பில் அணிந்து இறங்குகிற அந்த ஒரு நாளின் பாரத்தைத் தாங்குவதில்தான் வீரத்தின் பரீட்சை என்பது அவர்கள் வாதம். அதை முற்றிலும் தள்ளிவிட நான் துணியவில்லை. அந்தப் பாரம் மெய்யானது. அதைத் தாங்க முடியாமல் தளர்ந்தவர்களும் உண்டு. ஆனால் நால்வர் ஒருவரோடொருவர் மோதி இறங்குகிற, ஒரு கணத்துச் சறுக்கலில் யாவும் தலைகீழாகிற பந்தயம் ஒன்றில், நான்கு ஆண்டுக்கு ஒரு நாள் நடத்தும் பரீட்சையின் மதிப்பெண்ணைக்கொண்டு திறமையை நிர்ணயிப்பதாக இருந்தால், அந்தப் பரீட்சையின் யோக்கியதையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். குறுந்தூர ஓட்டத்திலும் குளத்து நீச்சலிலும் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பாதை உண்டு. அங்கே வேகமே தீர்ப்பு. இங்கே அப்படியல்ல. ஐந்து உலகச் சாம்பியன் பட்டங்களை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு பிற்பகலை மட்டும் எடுத்துக்கொள்வது, அந்த விளையாட்டை அறிந்தவர்கள் ஒருபோதும் செய்யாத காரியம்.

2022 பிப்ரவரி 9ஆம் தேதி, பெய்ஜிங் ஒலிம்பிக்கின் மலைப்போட்டிகள் நடந்த ஜாங்ஜியாகோவில், ஜாக்கபெல்லிஸ் தம் ஐந்தாவது ஒலிம்பிக் பந்தயத்துக்கு வந்து நின்றார். வயது முப்பத்தாறு. எதிரே நின்றவர்களில் பலர், அவர் பர்டோனெக்கியாவில் விழுந்தபோது பள்ளிச் சிறுமிகள். இறுதியில் பிரான்சின் குளோயே ட்ரெஸ்பூஷ் வெள்ளியும், கனடாவின் மெரியேட்டா ஓடைன் வெண்கலமும் பெற, தங்கம் ஜாக்கபெல்லிஸுக்குக் கிடைத்தது. அந்த விழாவில் அமெரிக்காவுக்குக் கிடைத்த முதல் தங்கமும் அதுவே. அவர் தாவுமேடைகளை எவ்வளவு தாழ்வாகவும் சிக்கனமாகவும் கடந்தார், மேடுகளின் மேல் முழங்கால்களை மடக்கி நீட்டி எவ்வாறு வேகம் சேர்த்தார், பின்னால் வருபவர் முந்துவதற்கான வழியை எந்தெந்த வளைவில் எப்படி அடைத்தார் என்பனவெல்லாம் விரித்துச் சொல்லத் தக்கவை. ஆனால் உலகத்துக்கு அவற்றில் சிரத்தை இல்லை. பதினாறு ஆண்டுப் பழியைத் துடைத்துவிட்டார் என்பதே எங்கும் பேச்சு. பாவம் தொலைந்தது, பிராயச்சித்தம் நிறைவேறிற்று என்று ஆளுக்கு ஆள் ஆசீர்வாதம் வழங்கினார்கள்.

அவரோ, தாம் அத்தகைய மீட்சி எதையும் தேடி வரவில்லை என்று சொல்லிவிட்டார். அது மட்டுமன்று, டூரினில் தங்கம் கிடைத்திருந்தால், அப்போதிருந்த நெருக்கடிகளின் மத்தியில், விளையாட்டையே விட்டு விலகியிருக்கக்கூடும் என்றும், அந்த விழுகையே தம் பசியை ஆறவிடாமல் வைத்திருந்தது என்றும் அவரே கூறியிருக்கிறார். இதைப் பிடித்துக்கொண்டு, பார்த்தீர்களா, எல்லாம் நன்மைக்கே என்பவர்களும் புறப்பட்டார்கள். தம் வாழ்வில் நேர்ந்த ஒன்றுக்கு எத்தகைய பொருளையும் கற்பித்துக்கொள்ளும் பாத்தியதை அவருக்கு உண்டு. அடிபட்டவர் அடியை உரமென்று சொல்லலாம். அடித்தவர்கள் அதையே எடுத்துச் சொல்லிக்கொள்வது மட்டும் சற்றுக் கூச்சமில்லாத காரியமாகத் தோன்றுகிறது. ஒருவரை மன்னித்தோம் என்று நாம் சொல்லுகிறபோது, அவர் நமக்கு ஏதோ கடன்பட்டிருந்தார் என்று அதே மூச்சில் சாதித்துவிடுகிறோம். ஜாக்கபெல்லிஸ் யாருக்கு என்ன கடன்பட்டிருந்தார்? வெள்ளிப் பதக்கத்தோடு வந்தவரிடம் தங்கம் எங்கே என்று கேட்டவர்கள், அதற்குப் பிறகு அவர் வென்ற நான்கு உலகப் பட்டங்களில் ஒன்றையாவது கண்டிருந்தால், பெய்ஜிங்கில் ஆச்சரியப்படுவதற்கு ஒன்றுமே இருந்திராது.

பத்திரிகைகளின்மேல் இங்கே எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. பனியைத் திரைப்படப் பாட்டுக் காட்சிகளில் மட்டுமே பார்த்துப் பழகிய நம்மவர்களுக்கு அந்நிய நாட்டுச் செய்தி நிறுவனங்கள் அனுப்புவதே வேதவாக்கு. அவர்கள் வீழ்ச்சி, எழுச்சி என்று இரண்டு தலைப்புகளை அனுப்பினால் நாமும் அவ்விரண்டையே அச்சிடுகிறோம். ஒரு விளையாட்டைப் பற்றி ஒரு பத்தி எழுதுகிறவர், அந்த மனிதர் ஒலிம்பிக் இல்லாத ஆண்டுகளில் என்ன செய்தார் என்பதை இரண்டு வரியாவது சேர்த்து எழுதக் கூடாதா? பெரிய சிரமமொன்றும் இல்லை. பட்டியல்கள் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படிதான் இருக்கின்றன. ஆனால் பட்டியலில் கண்ணீர் இல்லை. ஆகையால் அது செய்தியாவதில்லை போலும்.

பெய்ஜிங்கில் அவர் வென்ற இரண்டாவது தங்கத்தையே நான் உயர்வாக மதிக்கிறேன். தனிநபர் பந்தயம் முடிந்த மூன்றாம் நாள், ஓர் ஆடவரும் ஒரு பெண்ணும் சேர்ந்து ஓடும் கலப்புக் குழுப் பந்தயம் ஒலிம்பிக்கில் முதன்முறையாக நடந்தது. முதலில் ஆடவர் இறங்குவர். அவர் எத்தனை விநாடி முன்பின்னாக வந்தாரோ அத்தனை விநாடி முன்பின்னாக மகளிரின் வாயில்கள் திறக்கும். ஜாக்கபெல்லிஸுக்கு வாய்த்த ஜோடி நிக் பாம்கார்ட்னர், வயது நாற்பது, மிச்சிகன் மாநிலத்து அயர்ன் ரிவர் என்ற சிற்றூர்க்காரர், கோடைகாலத்தில் கட்டட வேலையில் கான்கிரீட் கொட்டிப் பிழைத்துக்கொண்டு, குளிர்காலத்தில் பந்தயத்துக்கு வருகிறவர். தனிநபர் பந்தயத்தில் காலிறுதியோடு வெளியேறி, தம் காலம் முடிந்ததென்று கண்கலங்கி நின்றவர், இரண்டு நாள் கழித்துத் தம் ஓட்டத்தை முதலாவதாக முடித்து, விநாடியின் மிகச்சிறு பங்கை முன்னிலையாக ஜாக்கபெல்லிஸின் கையில் கொடுத்தார். அடுத்த வாயிலில் நின்றவர் இத்தாலியின் மிகேலா மொயோலி. 2018இன் ஒலிம்பிக் சாம்பியன். பத்து வயது இளையவர். முதுகின் மறைவில் ஒதுங்கி வந்து முந்துவதில் கைதேர்ந்தவர். அந்த முன்னிலை அத்தகையவருக்கு எதிராக ஏறக்குறைய ஒன்றுமில்லாதது. ஆனாலும் கோட்டை முதலில் கடந்தவர் ஜாக்கபெல்லிஸ்தான். 

எந்தப் பழியையும் துடைக்க வேண்டிய அவசியம் அதில் இல்லை. அழவைக்கும் முன்கதையும் இல்லை. ஸ்னோபோர்டு கிராஸ் என்றால் என்ன என்று கேட்கும் பிள்ளைகளுக்கு அந்தப் படத்தைத்தான் போட்டுக் காட்ட வேண்டும். பர்டோனெக்கியாவையும் காட்டியே தீரவேண்டும் என்று யாரேனும் பிடிவாதம் பிடித்தால், விழுந்த இடத்தில் படத்தை நிறுத்தாமல், ஃப்ரீடன் கோட்டைக் கடந்து கைகளை உயர்த்தும் வரைக்கும் ஓட்டிக் காட்டட்டும்.